கம்பெனித் தெரு, நான்காம் எண்

ஜனவரி 4, ஞாயிறு

இன்று மூன்று சுற்று. இருபத்தாறு பேர் வந்தார்கள். அவர்களில் பாதிப்பேர் முதலில் கேட்டது கழிப்பறை எங்கே என்று. கருக்கந்துறையில் டச்சுக்காரர்கள் நூற்றைம்பது வருஷம் இருந்தார்கள், கோட்டையைக் கடல் கொண்டுபோய்விட்டது, கம்பெனித் தெருவின் பதினாறு வீடுகளும் சுங்கச் சாவடியும் கல்லறைத் தோட்டமும்தான் மிச்சம் என்று சொல்லி முடிப்பதற்குள் எனக்குத் தொண்டை கட்டிவிடுகிறது. கேட்டவர்களில் பாதிப்பேர் அதற்குள் செல்ஃபி எடுக்கப் போய்விடுகிறார்கள்.

மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது பிரகாசம் சார் வாசலில் வந்து நின்றார். ஜன்னல் கம்பியில் என் துண்டு காய்கிறதாம். சனி, ஞாயிறு தெருப்பக்கம் துணி காயப்போடக்கூடாது என்பது பாரம்பரியச் சங்கத்தின் விதி. அவர்தான் அதன் செயலாளர். ரிட்டையரான தலைமையாசிரியர், இன்னும் எல்லோரையும் ஆறாம் வகுப்பு என்றே நினைக்கிறார். சுவர் மஞ்சள்தான் அடிக்கவேண்டும், ஜன்னல் பச்சை, டிவி குடை தெருவுக்குத் தெரியக்கூடாது, முன்னறையில் கடை வைக்கக்கூடாது.

அந்தக் கடைசி விதி எனக்காகவே போட்டது. என் வீட்டுக்காரர் சந்தியாகு இருபத்திரண்டு வருஷம் எங்கள் முன்னறையில் சைக்கிள் கடை வைத்திருந்தார். தெருவின் அழகு கெடுகிறது என்று ஆறு வருஷத்துக்கு முன்னால் பிரகாசம் மூடவைத்தார். சந்தியாகு திருப்பூருக்கு வாட்ச்மேன் வேலைக்குப் போனார். பதினோராம் மாதம் வேனில் வந்தார், பெட்டிக்குள். அடக்கத்துக்கு ஊரே வந்தது, பிரகாசம் வரவில்லை.

எனக்கு வழிகாட்டி வேலைக்கான அடையாள அட்டை கிடைத்ததும் அந்த வருஷம்தான். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

துண்டை எடுத்து உள்ளே போட்டேன். இங்கே எழுதும்போதுகூட அந்த மனிதரை 'அவர்' என்றுதான் கை எழுதுகிறது. அதற்கே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

ஜனவரி 7, புதன்

சங்கம் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் அந்த வீட்டின் சரித்திரத்தை எழுதித் தேக்குப் பலகை மாட்டப்போகிறது. பிப்ரவரி ஒன்றாம் தேதி ஒல்லாந்திலிருந்து விருந்தாளிகள் வந்து திறக்கிறார்கள். தமிழ் வாசகம் எழுதும் வேலை எனக்கு. தபால் வழியில் சரித்திரம் படித்தவள் இந்தத் தெருவில் நான் ஒருத்திதானே.

பழைய டச்சு எழுத்தை வாசிக்க நஸ்ரின் என்றொரு பெண்ணை வரவழைத்திருக்கிறார்கள். முப்பது வயதுகூட இருக்காது. டச்சுக் கம்பெனிப் பதிவேடுகளின் நகல்களை லேப்டாப்பில் வைத்துக்கொண்டு காலையிலிருந்து சாயங்காலம் வரை சுங்கச் சாவடியில் உட்கார்ந்திருக்கிறாள். மத்தியானம் என் வீட்டில் சாப்பிடச் சொன்னேன். என் நெத்திலிக் குழம்பை இரண்டு தரம் கேட்டு வாங்கினாள். நல்ல பெண்.

ஜனவரி 11, ஞாயிறு

நாற்பது பேர். கால் வலி. யாரும் எதையும் கேட்கவில்லை.

ஜனவரி 14, புதன்

இன்று கிடைத்துவிட்டது. ஆறு வருஷம் கறுவிக்கொண்டிருந்ததற்குக் கடவுள் கண்ணைத் திறந்துவிட்டார்.

சாப்பிட வந்த நஸ்ரின் சோற்றைத் தொடவே இல்லை. என்னம்மா என்று கேட்டதற்கு ஒரு பக்கத்தை வாசித்து அர்த்தம் சொன்னாள். பெரும் பஞ்சம் வந்த ஒரு வருஷத்தின் கப்பல் பதிவு அது. கம்பெனித் தெரு நான்காம் வீட்டுத் துபாஷி, அதாவது கம்பெனிக்கும் ஊருக்கும் நடுவில் நின்று இரண்டு பாஷையும் பேசிய ஆள், பசியோடு வந்தவர்களைக் கஞ்சி ஊற்றுவதாகச் சொல்லி வீட்டுக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தியிருக்கிறான். பிறகு அத்தனை பேரையும் அடிமைகளாகக் கப்பலில் ஏற்றிவிட்டான். ஆண்கள் பத்தொன்பது, பெண்கள் பதினொன்று, பிள்ளைகள் பதினொன்று.

ஆள் பெயர் என்ன என்று கேட்டேன். பெயர் இல்லை. நம் பெயர்களை எழுத வராமல் டச்சுக் குமாஸ்தா வீட்டு எண்ணை மட்டும் எழுதி வைத்திருக்கிறான்.

எண் போதும். நான்காம் எண் பிரகாசம் வீடு. ஏழு தலைமுறையாகக் கைமாறாத வீடு என்று வருகிற வெள்ளைக்காரரிடமெல்லாம் பீற்றிக்கொள்கிற வீடு. எனக்குச் சந்தோஷம் வந்தது. நாற்பத்தொரு பேர் கதையைக் கேட்டுச் சந்தோஷப்படுகிறோமே என்று ஒரு நிமிஷம் தோன்றியது. அப்புறம் தோன்றவில்லை. நஸ்ரின் போன பிறகு அவள் தட்டிலிருந்த சோற்றையும் சேர்த்து நானே சாப்பிட்டேன்.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். பக்கத்து வீட்டிலிருந்து சர்க்கரைப் பொங்கல் வந்தது. நான் வாசகம் எழுதிக்கொண்டிருந்தேன்.

"பஞ்ச காலத்தில் இந்த வீட்டில் குடியிருந்த துபாஷி, கஞ்சி ஊற்றுவதாகச் சொல்லி அழைத்துவந்து, நாற்பத்தொரு பேரைக் கம்பெனிக் கப்பலுக்கு அடிமைகளாக ஒப்படைத்தார். அவர்களில் பதினொரு பேர் பிள்ளைகள். அவர்கள் பெயர்கள் எழுதப்படவில்லை."

'அவரது சந்ததியார் இன்றும் இங்கே வசிக்கிறார்கள்' என்று ஒரு வரி சேர்த்தேன். அடித்தேன். மறுபடியும் சேர்த்தேன். அது இருக்கட்டும்.

ஜனவரி 19, திங்கள்

சங்கக் கூட்டம். மற்ற வாசகங்களைக் கடகடவென்று வாசித்துவிட்டு நான்காம் எண்ணைக் கடைசியில் நிறுத்தி நிதானமாக வாசித்தேன். பொருளாளர், விருந்தாளிகள் வருகிற நேரத்தில் இதெல்லாம் எதற்கு, விட்டுவிடலாமே என்றார். நான் பிரகாசத்தின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கத்துவார், மேஜையைத் தட்டுவார் என்று நினைத்து அதற்கும் பதில் தயாராக வைத்திருந்தேன்.

அவர் காகிதத்தை வாங்கி இரண்டு தடவை வாசித்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நஸ்ரினைப் பார்த்து, "எண் நாலுன்னு தெளிவா இருக்காம்மா?" என்று கேட்டார். தெளிவாக இருக்கிறது சார் என்றாள். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அப்ப இருக்கட்டும். ஒரு எழுத்தும் மாத்த வேணாம்."

அவ்வளவுதான். வீடு கட்டின வருஷத்தைச் சங்கப் புத்தகத்தில் ஏற்றவேண்டும், எல்லோரும் 24ஆம் தேதிக்குள் வீட்டுப் பத்திர நகல் கொடுங்கள் என்று அடுத்த வேலைக்குப் போய்விட்டார். எனக்குச் சப்பென்று போய்விட்டது.

ஜனவரி 22, வியாழன்

வேலை செய்கிறது. விஷயம் மீன்பிடிக் குப்பத்துக்குப் போய்விட்டது. பால்காரி அஞ்சலை நான்காம் எண்ணுக்கு ஊற்றுவதை நிறுத்திவிட்டாள். "போனது எங்க ஆளுங்களா இருக்கும். அந்த ஊட்டுக்கு நான் எதுக்கு ஊத்தணும்?" என்றாள். கேட்டுக்கு எதிரே யாரோ காறித் துப்பியிருக்கிறார்கள் என்றும் சொன்னாள். நான் என்ன சொல்வது, உண்மை உண்மைதானே என்றேன்.

பிரகாசத்தின் மனைவி ரெஜினா டீச்சர் முட்டி வலியோடு பால் பாக்கெட் வாங்கக் கடைத்தெரு வரை நடந்து போனதைப் பார்த்தேன். பாதி வழியில் ஒரு சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். சந்தியாகுவுக்குச் சட்டைப் பொத்தான் தைத்துக் கொடுத்தவர் அந்த டீச்சர். நான் ஜன்னலை மூடிவிட்டேன். வெயில் அடித்தது.

ஜனவரி 24, சனி

பத்திரம் தேடிப் பெட்டியைத் திறந்தேன். இருந்தது. தலைவலி. சுற்று எதற்கும் போகவில்லை.

ஜனவரி 25, ஞாயிறு

எழுதிவிடுகிறேன். எழுதினால் தலையை விட்டுப் போகுமோ என்று பார்க்கிறேன்.

பெட்டியிலிருந்தது என் மாமியாரின் மாமனார் காலத்துப் பாகப்பிரிவினைப் பத்திரம். சொத்து விவரத்தில் நாலெல்லைக்கு முன்னால் ஒரு வரி: 'கம்பெனித் தெரு பழைய நம்பர் 4, புது நம்பர் 13.'

பதிமூன்று என் வீடு.

முதலில் எழுதினவன் பிழை என்று நினைத்தேன். சுங்கச் சாவடிப் பக்கம் போய் நின்று தெருவைப் பார்த்தேன். கம்பெனிக் காலத்தில் இந்த ஊருக்கு வாசல் கடல். கப்பலிலிருந்து இறங்கியவன் கடற்கரையிலிருந்துதான் ஒன்று, இரண்டு என்று வீட்டை எண்ணியிருப்பான். பிறகு தார் ரோடு வந்து, தபால்காரர் மேற்கேயிருந்து வர ஆரம்பித்ததும் எண்ணைத் திருப்பிப் போட்டிருக்கிறார்கள். நாங்கள் எல்லோரும் பஸ்ஸிலிருந்து இறங்கி வருகிறவர்கள். எங்கள் யாருக்கும் கடல் பக்கத்திலிருந்து எண்ணிப் பார்க்கத் தோன்றவில்லை. விரல் விட்டு எண்ணினேன். இரண்டு தடவை எண்ணினேன். கடலிலிருந்து நான்காவது வீடு என் வீடுதான்.

என் மாமியாரும் சொல்வார்கள், இது ஏழெட்டுத் தலைமுறையாகக் கைமாறாத வீடு என்று. கதவைச் சாத்தினது சந்தியாகுவின் முப்பாட்டனுக்கும் முந்தியவன். அந்தக் கதவு எது? கஞ்சிப்பானை எந்த அறையில் இருந்தது? முன்னறையாகத்தான் இருக்கும். உள்ளே வேறு பெரிய அறை கிடையாது.

சொன்னால் என்ன ஆகும்? என் புருஷன் பெயர் நாறும். செத்துப்போன மனுஷனுக்காகப் பழிவாங்கப் போய் அவர் தலையிலேயே கொண்டுபோய் ஊற்றுவேனா? சொல்லமாட்டேன். பிரகாசம் தலை குனியவேண்டும், ஊர் பார்க்கவேண்டும். காரணம் சரியாக இருந்தால் என்ன, தப்பாக இருந்தால் என்ன? சந்தியாகு என்ன காரணத்துக்காகத் தலை குனிந்தார்?

அதே பெட்டியில் இன்னொரு காகிதமும் இருந்தது. அதைப் பற்றி எழுதப்போவதில்லை.

ஜனவரி 27, செவ்வாய்

பத்திரத்தைக் கரையான் அரித்துவிட்டது என்று பிரகாசத்திடம் சொன்னேன். அவர் சரி என்றார். வேறெதுவும் கேட்கவில்லை. மற்றவர்களைப் பத்திர நகலுக்காக நாலு நாளாக விரட்டிக்கொண்டிருக்கிற மனிதர்.

அரிசி வாங்கினேன், பத்து கிலோ. பத்திரம் இப்போது அரிசி டிரம்முக்கு அடியில் இருக்கிறது.

ஜனவரி 30, வெள்ளி

பலகைகள் வந்துவிட்டன. தேக்கில் வெள்ளை எழுத்து. நான்காம் எண் பலகையை நானே துடைத்து வைத்தேன். வாசகம் பிழையில்லாமல் வந்திருக்கிறது. நஸ்ரின் பக்கத்தில் நின்று, "பிரகாசம் சாரு ரொம்ப நல்லவராத்தான் தெரியறாருக்கா" என்றாள். உனக்கு வந்து இருபத்தஞ்சு நாள்தானே ஆகிறது என்றேன்.

பிப்ரவரி 1, ஞாயிறு

இன்றைக்கு நடந்ததை நடந்தபடி எழுதவேண்டும்.

காலை பத்து மணிக்கு ஒல்லாந்து விருந்தாளிகள் மூன்று பேர் வந்தார்கள். மேளம், மாலை, இளநீர். ஒன்றாம் எண்ணிலிருந்து திரையை விலக்கிக்கொண்டே வந்தார்கள். நான்காம் எண்ணுக்கு வந்தபோது குப்பத்து ஜனம் ஐம்பது அறுபது பேர் எதிர்வரிசையில் நின்றார்கள். அஞ்சலை முன்னால் நின்றாள். பிரகாசம் வெள்ளை வேட்டி கட்டியிருந்தார். திரையை அவரே விலக்கி, வாசகத்தைப் பள்ளிக்கூடத்தில் வாசிப்பதுபோல் உரக்க வாசித்தார். சந்ததியார் இன்றும் இங்கே வசிக்கிறார்கள் என்ற வரியில் குரல் இறங்கவில்லை. பிறகு விருந்தாளிகளுக்கு முதுகைக் காட்டி, குப்பத்து ஜனத்தைப் பார்த்துத் திரும்பி நின்று கையைக் கூப்பினார்.

"இந்த வீட்ல இருந்து போனவங்க பேரு எனக்குத் தெரியல. அவங்க வழியில வந்தவங்க இங்க நின்னீங்கன்னா, மன்னிச்சிருங்க."

எழுபத்தொரு வயது மனிதர் நடுத்தெருவில் குனிந்து நின்றார். ரெஜினா டீச்சர் உள்ளே போய்விட்டார். விருந்தாளி அம்மாள் ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஆறு வருஷமாக நான் கேட்டது இதுதான். கேட்டபடியே, கேட்டதற்கு மேலேயே கிடைத்தது. எனக்கு வாயெல்லாம் கசந்தது.

சாயங்காலம் நாலு மணிக்கு அவர் என் வீட்டுக்கு வந்தார். கடையை மூடின பிறகு வாசலைத் தாண்டி உள்ளே வந்தது இதுதான் முதல் தடவை. குடிக்கத் தண்ணீர் கேட்டார். கொடுத்தேன். சட்டைப்பையிலிருந்து ஒரு நகலை எடுத்து மேஜைமேல் வைத்தார். அவர் வீட்டுப் பத்திரம். பழைய நம்பர் 13, புது நம்பர் 4.

நகலை எடுத்து வாசித்தேன்.

"தெரிஞ்சுக்கிட்டேதான் கூட்டத்துல சும்மா இருந்தீங்களா?"

"நீங்க வாசிச்சப்பவே தெரியும். உங்க பத்திரம் வந்தா நீங்களே சொல்வீங்கன்னு பார்த்தேன். கரையான்னு சொன்னீங்க."

ஊருக்கு முன்னால் எதற்காகக் குனிந்தீர்கள் என்று கேட்டேன். அவர் தண்ணீரைக் குடித்து முடித்துவிட்டுத்தான் பதில் சொன்னார். சந்தியாகு அடக்கத்துக்கு வராதது தப்புதான், வருகிற முகம் அன்றைக்கு அவருக்கு இல்லையாம். "செத்தவன் தலையில இன்னொண்ணையும் ஏத்த வேணாம்னு நெனைச்சேன் புளோராம்மா. வேற ஒண்ணுமில்ல."

அதற்குமேல் அவர் பேசாமல் இருந்திருக்கலாம். பேசினார்.

"வீட்டாளு சம்மதம் இல்லாம கடைய மூட விதி கெடையாது. நீங்க கையெழுத்துப் போட்டுக் குடுத்தீங்க, நான் அட்டை குடுத்தேன். ரெண்டு பேரும் சேந்துதான் மூடுனோம். என் பங்குக்கு நான் இன்னைக்குக் குனிஞ்சுட்டேன்."

பத்திர நகலை எனக்கே விட்டுவிட்டு எழுந்து போனார். தெருவில் இறங்கி அவர் நடந்த நடையைப் பார்த்தேன். லேசாக நடந்தார். வேலையை முடித்துவிட்டு வீட்டுக்குப் போகிற மனிதரின் நடை.

ஆமாம், பெட்டியில் இருந்த இன்னொரு காகிதம் அந்தச் சம்மதக் கடிதத்தின் நகல்தான். சந்தியாகு ஒரு மாத வேலையாகத் தஞ்சாவூர் போயிருந்தபோது கையெழுத்துப் போட்டேன். கிரீஸ் நாற்றம், எப்போதும் பம்பு சத்தம், மாதம் முழுக்க ஓட்டினாலும் கைக்கு வருவது வெறும் பஞ்சர் காசு. எனக்கு ஒரு நல்ல புடவை கட்டிக்கொண்டு, கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு நாலு பேர் முன்னால் நின்று பேசவேண்டும் என்று ஆசை. அவர் திரும்பி வந்து காகிதத்தைப் பார்த்தார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன், அழுதிருப்பேன், தீர்ந்திருக்கும்.

இப்போது பிரகாசம் என் புருஷன் பெயரைக் காப்பாற்றிக் கொடுத்துவிட்டுப் போகிறார். யார் கேட்டது? ஒரு தரம் குனிந்து எழுந்து தன் பாரத்தை இறக்கிவைத்துவிட்டு, என் பாரத்தை மட்டும் என் மடியில் போட்டுவிட்டு, ராத்திரி நிம்மதியாகத் தூங்கப்போகிறாரா? விடமாட்டேன்.

பிப்ரவரி 2, திங்கள்

காலை ஒன்பது மணிக்கு, தெருவில் ஆள் நடமாட்டம் நன்றாக இருக்கிற நேரம் பார்த்துப் போனேன். சந்தியாகுவின் டூல்ஸ் பெட்டியிலிருந்து திருப்புளியை எடுத்துக்கொண்டேன். நான்காம் எண் பலகையில் நாலு திருகு. மூன்று சுலபமாக வந்தன, நாலாவதோடு மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. அதற்குள் கூட்டம் கூடிவிட்டது. நஸ்ரின் ஓடி வந்தாள். அவள் கையில் இரண்டு பத்திரங்களையும் கொடுத்தேன், அவருடைய நகலையும் என்னுடைய அசலையும். அவள் வாசித்துவிட்டுக் கடலைப் பார்த்தாள், தெருவைப் பார்த்தாள். உதடு அசைந்தது. எண்ணுகிறாள்.

பிரகாசம் பனியனோடு வெளியே வந்தார்.

"என்ன பண்றீங்க? முடிஞ்சு போனத..."

"முடியல சார். பலகை எங்க வீட்டோடது."

"அம்பது பேரு முன்னாடி நான் மன்னிப்புக் கேட்டிருக்கேன்."

"அதைத் திருப்பி வாங்கிக்குங்க. அதுவும் எங்க வீட்டோடது. உங்க மன்னிப்பு சந்தியாகு கிட்ட கேக்க வேண்டியது, அதை இன்னும் நீங்க கேக்கல."

அவர் முகம் வெளுத்தது. நேற்றுக் குனிந்தபோதுகூட அப்படி வெளுக்கவில்லை. ஆறு வருஷத்தில் அந்த மனிதருக்கு உண்மையாக வலித்ததை இன்றுதான் பார்த்தேன். பார்த்ததில் எனக்குத் திருப்திதான். பொய் சொல்ல மாட்டேன். நல்லவளாக இருந்து இதைச் செய்யவில்லை. அவர் எனக்குப் போட்ட பிச்சையை அவர் வாசலிலேயே கொட்டவேண்டும் என்று செய்தேன்.

பலகையைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். கனம். யாரும் கை கொடுக்கவில்லை. என் வீட்டுச் சுவரில் ஏற்கெனவே மாட்டியிருந்த பலகையைக் கழற்றினேன். அதில் 'டச்சு பாணித் தூண்களுக்கும் பர்மா தேக்கு உத்தரங்களுக்கும் பெயர் பெற்ற வீடு' என்று நானே எழுதியிருந்தேன். அதே ஓட்டைகளில் இதைப் பூட்டினேன். வாசகத்தில் எதையும் மாற்றத் தேவைப்படவில்லை.

அஞ்சலை கடைசி வரை நின்று பார்த்தாள். நாளைக்கு எனக்குப் பால் ஊற்றுவாயா என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

பிப்ரவரி 3, செவ்வாய்

பால் வரவில்லை. கறுப்புக் காப்பி.

அட்டையைத் திருப்பிக் கொடு என்று சங்கத்திலிருந்து யாரும் இன்னும் கேட்கவில்லை. அதனால் பத்து மணிச் சுற்றுக்குப் போனேன். ஏழு பேர். சுங்கச் சாவடி, கல்லறைத் தோட்டம் எல்லாம் காட்டிவிட்டுக் கடல் பக்கத்திலிருந்து தெருவுக்குள் கூட்டிவந்தேன். நான்காவது வீட்டின் முன்னால் நின்று பலகையை வாசித்துக் காட்டினேன். இந்த முன்னறையாகத்தான் இருக்கவேண்டும், கதவை இங்கிருந்துதான் சாத்தியிருப்பான் என்று சொன்னேன்.

திருநெல்வேலியிலிருந்து குழந்தையோடு வந்திருந்த ஒரு பெண் போட்டோ எடுக்கப் படியில் கால் வைத்திருந்தாள். இந்த வீட்டில் இப்போது யார் இருக்கிறார்கள் என்று கேட்டாள்.

நான்தான் என்றேன்.

அவள் படியிலிருந்து காலை எடுத்துக்கொண்டாள்.